அடி உண்மையானது

போட்டியின் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதால் சிறுவர்கள் தொழில்முறை மல்யுத்தப் பயிற்சி பெறுவதில் பெரிய ஆபத்தில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வெற்றி தோல்விதான் முன்பே முடிவாகிறது. உடல் தளத்தில் மோதுவது உண்மையானது. பயிற்சியின் தொடக்கப் பாடமே, தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்தலை படாமல், முதுகின் மேற்பகுதியிலும் விரித்த கைகளிலும் அதிர்ச்சியைப் பரப்பி விழுவதுதான். பலகையின் மேல் மெல்லிய மெத்தை மட்டுமே விரித்த மேடையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். உடலோடு ஒப்பிடுகையில் தலை பெரிதாகவும் கழுத்துத் தசை வலுவற்றும் இருக்கும் குழந்தைக்கு, தலை தரையைத் தொடாவிட்டாலும் மூளை குலுங்கக்கூடும். வளரும் எலும்புகளின் முனைகளும் எளிதில் காயப்படுபவை. 2007இல் இறந்த தொழில்முறை மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வாவின் மூளையில், தொடர் அடிகளோடு தொடர்புடைய சிதைவு கண்டறியப்பட்டது. அவரோ வளர்ந்த மனிதர்.

உருளுதல், சமநிலை, பிடிகள், ஏன், மேடை நடிப்பையும்கூடச் சிறு வயதிலேயே தாராளமாகக் கற்பிக்கலாம்; குழந்தைகளின் அந்த ஆர்வத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உயரத்திலிருந்து குதிப்பதையும் எதிராளியைத் தூக்கி எறிவதையும் மட்டும் 18 வயது வரை ஒத்திவைக்க வேண்டும். தலையில் அடிபட்ட சிறுவரை அன்றே மீண்டும் மேடையேற்றாமல், மருத்துவர் அனுமதித்த பிறகே பயிற்சிக்கு அழைக்குமாறும் பயிற்சியாளர்களை வேண்டுகிறேன்.