கடித்தது நாய்தான், கேஸ் யார்மேல்?

போன மாதம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அம்மா பால் வாங்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், மேலேயிருந்து பாய்ந்து வந்த அல்சேஷன் அவள் ஆடுசதையைக் கவ்விவிட்டது. கழுத்தில் சங்கிலி இருந்தது. அதன் மறுமுனைதான் யார் கையிலும் இல்லை. நாயின் சொந்தக்காரர் மேலே நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆன்ட்டிஜி, பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

அதற்குள் புடவைக் கொசுவத்தில் பால் பாதி, ரத்தம் பாதி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தேடியது மஞ்சள்தூளை. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, குழாயைத் திறந்து, சோப்பு போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவினேன். "போதும்டா, தோல் உரிஞ்சுடும்" என்றாள். விடவில்லை. வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. கழுவுவதும் ஊசியும் அதற்கு முன்னால்தான். அரசு மருத்துவமனையில், ரத்தம் வந்திருப்பதால் மூன்றாம் வகைக் கடி, அதாவது கடுமையான வகை, என்று எழுதி, காயத்தைச் சுற்றி உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்கள். தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு அப்புறம் என்ன என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நானும் விட்டிருப்பேன். ஓபிடி (வெளிநோயாளி) சீட்டில் "நாய்க்கடி" என்று மட்டும் எழுதியிருந்ததை, "வளர்ப்பு நாய்" என்று மாற்றிக் கேட்டு வாங்கச் சொன்னது கோர்ட்டில் வேலை பார்க்கும் என் நண்பன். காயத்தைக் கழுவும் முன்பே ஒரு போட்டோ எடுத்திருக்கலாம், அது எனக்குத் தோன்றவில்லை.

காவல் நிலையத்தில் ஏட்டையா நல்லவர். டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் பேசியதெல்லாம் "சம்ஜோதா கர் லீஜியே", சமரசம் பண்ணிக்கொள்ளுங்கள், என்பதுதான். அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள், தினம் முகம் பார்க்கணும், மருந்துச் செலவை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்றார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தன் வளர்ப்பு விலங்கு பிறரைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியம் ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸே நேரடியாக எஃப்ஐஆர் போடலாம். பழைய ஐபிசி 289இல் அபராதம் வெறும் 1,000 ரூபாய்தான். 5,000 மட்டும் பெரிய தொகையா என்றால் இல்லை. ஆனால் எஃப்ஐஆர் என்று ஒன்று இருந்தால்தான் பின்னால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கும்போது பேச்சுக்கு ஒரு பிடி இருக்கும்.

இன்னொன்றும் கேட்டோம்: நாயைப் பதிவு செய்திருக்கிறாரா? டெல்லி மாநகராட்சிச் சட்டம் 399ஆம் பிரிவு நாய்ப் பதிவைப் பற்றித்தான் பேசுகிறது. அதைக் கேட்டதும் சொந்தக்காரர் குரல் இறங்கிவிட்டது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, அதே மாதம் 22ஆம் தேதி அதைத் திருத்தியபோது, எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நாய்ப் பிரியர், நாய் விரோதி. கடிபட்டவர் எந்தக் கட்சி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பால் பாக்கெட்டோடு படியேறியவளுக்கு எந்த நாய்மேலும் கோபம் கிடையாது. வழக்கு சங்கிலியை விட்ட கைமேல்தான். அதைச் சொன்னால் "பாவம் வாயில்லா ஜீவன்" என்கிறார்கள். இவர்களிடம் எப்படிப் பேசுவது?

தெருநாய் கடித்தால் பாதை வேறு, கஷ்டம் அதிகம், எதிராளி மாநகராட்சி. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல், ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் 20,000 ரூபாய் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு குர்காவுனுக்குப் பொருந்தும், நம் டெல்லிக்கு நேரடியாகப் பொருந்தாது. அதைக் காட்டி "உனக்கு லட்சம் வரும்" என்று ஆசை காட்டும் வக்கீல்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

வக்கீல் செலவுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஒதுங்குகிறார்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம், 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்ட உதவி எண் 15100க்குப் போன் போட்டேன். கட்கட்டூமா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அனுப்பினார்கள். நாயின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

வியாழக்கிழமை நாலாவது ஊசி. அது முடிந்ததும் கேஸை வாபஸ் வாங்கிவிடலாமா என்று அம்மா தினம் கேட்கிறாள். அந்த வீட்டிலிருந்து லட்டு வந்ததாம், நன்றாக இருந்ததாம். லட்டைச் சாப்பிடு, கையெழுத்து மட்டும் எதிலும் போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.