உப்புத்தாள் பிடிக்க என்ன கேடு?

பெயின்ட் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நேற்று காலை பம்பாய் செம்பூரில் வீட்டு வாசலில் காரைக் கழுவும்போது பார்க்கிறேன், முன்பக்க அலாய் வீலில் வால்வுக்குப் பக்கத்தில் அப்பளம் மாதிரி ஒரு உப்பல். நகத்தை வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டிக்கர் உரிவது போல உரிந்து வந்துவிட்டது. நாலு ரிம்முக்கு 12,000 ரூபாய் எண்ணிக் கொடுத்து அடித்த பெயின்ட்!

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. ரிம்மில் கம்பெனி அடித்த பழைய கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னுகிறது. ஓரத்தில் பழைய அரிப்பின் வெள்ளைப் பொடி, தொட்டால் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டுகிறது. அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். பிரேக் தூசியின் கறுப்பைக்கூடத் துடைக்கவில்லை. ஒரே ஒரு தடவை உப்புத்தாள் அங்கே பட்டிருந்தால் அந்தப் பொடி அங்கே இருக்குமா?

குர்லா சி.எஸ்.டி. ரோடு பக்கம் இருக்கிறது பெயின்ட் அடித்த அந்தக் கடை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பம்பாய் காற்று சாப், உப்புக் காற்று, நாங்கள் என்ன செய்ய?" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இதே உப்புக் காற்றில், இதே மழையில், கம்பெனி பெயின்ட் ஏழு வருடம் நின்றது ஐயா! காற்றில் உப்பு இருப்பது தெரிந்தே இந்த ஊரில் கடை வைத்திருப்பவர் இன்னும் நன்றாக அல்லவா தேய்க்க வேண்டும்?

அலாய் வீல் என்பது அலுமினியம். அது இரும்பு மாதிரி இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய கையோடு காற்றுப் பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் பிடித்துவிடும். சாதாரண பெயின்டுக்கு அதில் பிடிமானம் கிடையாது. அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் கிரீஸ் போகத் துடைப்பது, அரித்த இடத்துக்கு 80 நம்பர் தாள், பிறகு 180, 320 என்று போய் நைசாக்க வேண்டும். மறுபடி துடைத்து, வெறும் கை படாமல், அன்றைக்கே அடிப்பூச்சாக எபாக்சி பிரைமரோ எட்ச் பிரைமரோ ஏற்ற வேண்டும். எட்ச் பிரைமரில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அரிப்பை உள்ளேயே விட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், ஒரு சின்னக் கல் தெறித்த இடத்தில் உப்புத் தண்ணீர் நுழைந்து, பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடு கோடாகப் பரவும். இத்தனை வருடம் தொழில் செய்பவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தேய்த்தது வெளியே தெரியாது, பளபளப்பு தெரியும். வண்டி கடையை விட்டுப் போகும் வரை மின்னினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

அடித்ததும் எப்போது? ஜூலை மழையில், ரோட்டோரம் தார்ப்பாய்க்குக் கீழே. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதே என்பது பெயின்ட் தொழிலில் பாலபாடம். டயரைக்கூடக் கழற்றவில்லை, பழைய பேப்பரைச் செருகிவிட்டு அடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றைப் பொறுக்கவே முடியாது. தாராவியில் பங்க்சர் கடை வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஸ்பேனரை வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாப்ள, ரெண்டு நட்டு லூசா இருக்குடா." கழற்றினால், நட்டு உட்காருகிற குழிக்குள்ளேயும் தடிமனாகப் பெயின்ட். ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கியிருக்கிறது, பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அந்தக் குழியை மறைத்துவிட்டு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து எக்ஸ்பிரஸ்வேயில் புனே வரை போய்வந்த வண்டி அது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

வேறு கடையில் கேட்டால் காஸ்டிக் சோடாவில் முக்கிப் பழைய பெயின்டை எடுத்துத் தருகிறேன் என்கிறார். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், நுரைத்து வருவது ஹைட்ரஜன் என்று சொன்னால், "குச் நஹி ஹோதா", ஒன்றும் ஆகாது என்கிறார். இன்னொருவர் கேஸ் டார்ச்சால் எரித்து எடுப்பாராம். சூடேற்றிப் பதப்படுத்திப் பலம் ஏற்றிய உலோகம் அது, கண்டபடி நெருப்பைக் காட்டினால் அந்தப் பலம் போய்விடும்.

தேய்க்கிற வேலை கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஸ்போக் இடுக்கில் விரலை விட்டுத் தேய்த்தால் நகக்கண் கிழியும். சரி, அதற்கு இவ்வளவு கூலி, நாலு நாள் ஆகும் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே! காசையும் வாங்கிக்கொண்டு வேலையையும் செய்யாமல் விடுவது திருட்டு.

இன்றைக்கு மாமா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ரிம்மை நானே தேய்த்தேன். வெறும் உலோகம் தெரிய மூன்றரை மணி நேரம் ஆனது. பிரைமர் இன்னும் அடிக்கவே இல்லை. அந்தக் கடைக்காரர் காலை பத்து மணிக்கு வண்டியை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு ரிம்மும் முடிந்தது என்று சாவியைக் கையில் கொடுத்தார்.