பி450 போர்டில் டிடிஆர்5 ஏறாது
பி450 மதர்போர்டு உள்ள கணினியில் ரேமை எப்படி மேம்படுத்துவது என்ற கேள்விக்கு மேலே ஒருவர், "டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் தலைமுறைகளுக்கும் 288 பின்தான், அதனால் பழைய பி450 போர்டிலேயே டிடிஆர்5 ரேம் போடலாம், வேகம்தான் கொஞ்சம் குறையும்" என்று எழுதியிருக்கிறார். பின் கணக்கு சரி. மற்றதை நம்பி வாங்கினால் காசு தண்டம்.

ரேம் பட்டையின் நடுவில் உள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள், ஸ்லாட் போய்விடும். டிடிஆர்4 ஓடுவது 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 1.1 வோல்ட்டில். அந்த மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்பும் டிடிஆர்5-இல் ரேமிலேயே இருக்கிறது. டிடிஆர்4-க்கு அந்த வேலையை மதர்போர்டு பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேல், ரேமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்4 (பி450 போர்டில் உள்ள பிராசஸர் சாக்கெட்) ரைசன்களில் அது டிடிஆர்4-க்கு மட்டும்தான், அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இல் டிடிஆர்5-க்கு மட்டும். இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை கோர் பிராசஸர்கள் பலவும் இரண்டையும் ஏற்கும் (குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்), ஆனால் அங்கேயும் ஸ்லாட் எதற்கோ அந்த ரேம்தான்.

கேள்வி கேட்டவரிடம் இருப்பது ரைசன் 5 3600, ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, போர்டு மேனுவல் சொல்லும் ஸ்லாட் ஜோடியில் போடுங்கள், டூயல் சேனல் (இரண்டு ரேமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) கிடைத்துவிடும். அதுவும் போதாதென்றால் ரைசன் 5 5600 அதே சாக்கெட்டில் உட்காரும். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டை மட்டும் பழைய பிராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.