டூப்ளிகேட் கோட்டை

கொரியாவுக்கு வந்திருக்கும் நம்மாட்கள் ஒரு அரண்மனையையோ கோட்டையையோ பார்த்துவிட்டு வந்ததும் முதலில் சொல்வது, "எல்லாம் டூப்ளிகேட்டுங்க, நேத்து கட்டினது" என்பதுதான். சியோலில் கியொங்போக்குங் அரண்மனைக்குப் போனாலும் இதே பேச்சு, சியோலுக்குத் தெற்கே இருக்கும் சுவோன் ஊர்க் கோட்டைக்குப் போனாலும் இதே பேச்சு. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஒரு எரிச்சல் உண்டு. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை என் நண்பனோடு சுவோன் ஹ்வாசொங் கோட்டையில் சுற்றியபோது அன்று முழுக்க இதே சண்டைதான் ஓடியது. அதனால் எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த ஊர் தஞ்சாவூர். சிவில் படித்துவிட்டு இங்கே கான்கிரீட்டில் முனைவர் பட்டம் செய்கிறான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு எந்தப் பழைய கட்டடத்துக்கும் போகக் கூடாது. எதைக் காட்டினாலும் முதலில் இணைப்பில் விரலை வைத்துச் சுரண்டிப் பார்ப்பான், அப்புறம் "எங்க ஊர்ப் பெரிய கோயில்ல 1010லயே" என்று ஆரம்பிப்பான்.

சுவோன் ரயில் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பல்தல்முன் என்ற தெற்கு வாசலில் இறங்கினோம். (புதிதாக வருபவர்களுக்கு: கூகுள் மேப்பை நம்பி இங்கே நடக்காதீர்கள், நேவர் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.) அந்த வாசலே ஒரு வேடிக்கை. கோட்டை வாசல் ரவுண்டானாவுக்கு நடுவில் தனியாக நிற்கிறது, சுற்றிலும் பஸ்ஸும் காரும், இரண்டு பக்கமும் மதிலைக் காணோம். சந்தையும் ரோடும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன, மதிலும் அங்கே திரும்பக் கட்டப்படவில்லை. "இது ஒண்ணுதான்டா ஒரிஜினலா இருக்கும்போல" என்றான். பாதி சரி. பல்தல்முன்னும் மேற்கு வாசலான ஹ்வாசொமுன்னும்தான் கட்டிய காலத்திலிருந்து நிற்பவை. வடக்கு வாசல் ஜாங்கான்முன் கொரியப் போரில் நொறுங்கியது. கிழக்கு வாசலும் அப்படித்தான் போனது. இரண்டையும் 1970களில் திரும்பக் கட்டினார்கள்.

அங்கிருந்து பல்தல் மலைக்குப் படியேறினோம். சின்ன மலைதான், ஆனால் ஆய்வகத்தில் உட்கார்ந்தே தின்று வளர்த்த தொப்பைக்கு அது போதும். எங்களைத் தாண்டி எழுபது வயதுப் பாட்டிமார் மலையேற்றக் கம்போடு பேசிக்கொண்டே போனார்கள். உச்சியில் சொஜாங்தே என்ற படைத்தலைமை மண்டபம், ஊரே கீழே தெரியும். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, நான் படித்து வைத்திருந்த கதையை எடுத்துவிட்டேன்.

கதை இதுதான். கொரியாவை ஆண்ட ஜொசொன் வம்சத்தின் 22ஆவது அரசர் ஜொங்ஜோ. இவருடைய அப்பா இளவரசர் சாதோவை, தாத்தாவே 1762இல் ஒரு அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்து வளர்ந்தவர் அரசரானதும், 1789இல் அப்பாவின் சமாதியைச் சுவோன் பக்கம் மாற்றினார். சமாதிக்குத் தேர்ந்த இடத்துக்கு அருகில் பழைய ஊர் இருந்தது, அந்த மக்களுக்கு நஷ்டஈடு கொடுத்து இந்த மலையடிவாரத்துக்குக் குடியேற்றினார். அந்தப் புது ஊரைச் சுற்றித்தான் 1794இல் தொடங்கி 1796இல் முடித்த இந்த மதில், கிட்டத்தட்ட 5.7 கிலோமீட்டர். அப்பா மேல் பாசம் மட்டும் காரணமில்லை, தலைநகரத்தில் இருந்த பழைய கோஷ்டிகளின் பிடியிலிருந்து விலகித் தனக்கென்று ஒரு பலமான ஊர் வேண்டும் என்ற கணக்கும் இருந்தது என்பார்கள்.

"1796ஆ? தஞ்சாவூர்க்காரன்கிட்ட 1796ஐப் பழசுன்னு காட்டுற பாரு, அங்கதான்டா நீ நிக்கிற" என்றான் நண்பன்.

இறங்கும் வழியில்தான் அவனுக்குச் சரியான தீனி கிடைத்தது. மேற்கு வாசலுக்கு வெளியே போய் நின்று பார்த்தால் மதிலில் இரண்டு நிறம் தெரியும். கீழே கருத்து, பாசி படிந்து, ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராத பெரிய கற்கள். மேலே வெளுப்பாக, அளவெடுத்து அடுக்கிய கற்கள். அக்டோபரில் அந்தச் சரிவு முழுக்க நாணல் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஜோடி ஜோடியாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இவன் மட்டும் நாணலுக்குள் புகுந்து மதிலில் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, "பாரு, இது வரைக்கும் அவன், இதுக்கு மேல இவனுங்க" என்று கோடு போட்டுக் காட்டினான். எனக்கு அது குறையாகவே படவில்லை. எது பழசு எது புதுசு என்று ஒரு சாதாரண ஆள் கண்ணாலேயே பிரித்துப் பார்க்க முடிகிறதே, இதை விட என்ன நேர்மை வேண்டும்? நம் ஊரில் கும்பாபிஷேகம் என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்துவிட்டு மேலே சில்வர் பெயின்ட் அடித்த கோயில்களை இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். அங்கே கல் ஒரிஜினல்தான், ஆனால் அதில் எழுதியிருந்தது போய்விட்டதே.

என் வாதத்தின் அடிப்படை இந்த எழுத்துதான். ஹ்வாசொங் கட்டி முடித்ததும் அதைப் பற்றி ஒரு முழு அறிக்கையைத் தயாரித்து 1801இல் அச்சிட்டார்கள். அரசாங்க நிகழ்ச்சிகளை இப்படிப் பதிவு செய்யும் ஏடுகளுக்கு உய்க்வே என்று பெயர். ஒவ்வொரு வாசலின் படம், அளவு, எத்தனை கல், எத்தனை செங்கல், என்ன விலை, எங்கிருந்து வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம், வேலை செய்த கல்தச்சன், மரத்தச்சன், கொல்லன், பெயின்டர் பெயர்கள், எந்த ஊர்க்காரன், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று அரை நாள் வேலை வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்காமல் கூலி கொடுத்துச் செய்த வேலை அது. 1794 கோடையில் வெயில் தாங்காமல் ஆட்கள் சுருண்டு விழுந்தபோது அரசர் மருந்து செய்து அனுப்பினார் என்பதும் பதிவில் உண்டு. 1975 முதல் 1979 வரை நடந்த மறுகட்டுமானம் இந்த ஏட்டை வைத்துத்தான் நடந்தது. 1997இல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 2007இல் உய்க்வே ஏடுகளுக்கும் தனியாக ஒரு அங்கீகாரம் கொடுத்தது.

இதைச் சொன்னதும் தஞ்சாவூர் முழித்துக்கொண்டது. "பேரு எழுதினானாம் பேரு. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதான் கோயில்ல ஆடின பொண்ணுங்க, அவங்க பேரு, எந்தத் தெருவு, எத்தனாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல்லு, எல்லாத்தையும் கல்லுலயே வெட்டி வச்சிருக்கான். இவனுக்கு 800 வருஷம் முன்னாடி. பேப்பர்ல இல்ல, கல்லுல."

உண்மைதான், அதை மறுக்க நான் யார். பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்வெட்டுகள் யார் எதைக் கொடுத்தார்கள், யாருக்கு என்ன பங்கு என்று சொல்கின்றன. கோயிலை எப்படிக் கட்டினார்கள், அத்தனை உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று சொல்லவில்லை. உச்சியில் எண்பது டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒற்றைக்கல்லே இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கும் முகநூலில் மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சண்டை வருகிறதல்லவா? சுவோனில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. ஜொங் யாக்-யொங் என்ற அறிஞர், சீனாவிலிருந்து வந்த ஒரு எந்திரநூலைப் படித்து, மேலே நாலும் கீழே நாலுமாகக் கப்பிகள் வைத்துக் கல் தூக்கும் ஒரு பொறியை வடிவமைத்தார். கொஜுங்கி என்று பெயர். அதன் முழு உருவமும், கழற்றி வைத்த ஒவ்வொரு பாகமும் உய்க்வேயில் படமாக இருக்கிறது. அதைப் பார்த்து இப்போது செய்த மாதிரி ஒன்று கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நண்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கயிறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தான். அந்த இடத்தில் மட்டும் தஞ்சாவூர் பேச்சு வரவில்லை.

ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டேன். ஜாங்கான்முன் வாசலுக்குள், நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு தாத்தா வந்து உட்கார்ந்தார். எந்த நாடு, என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை என்ற வழக்கமான கேள்விகள் முடிந்ததும் (இந்த விஷயத்தில் கொரியத் தாத்தாக்களுக்கும் நம் சித்தப்பாக்களுக்கும் வித்தியாசமே கிடையாது) இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றார். என் அரைகுறைக் கொரிய மொழியில் புரிந்த மட்டும் சொல்கிறேன். அவர் பையனாக இருந்தபோது இந்த வாசலுக்கு மேல்மண்டபம் கிடையாது, வெறும் கல் வளைவுதான், அதன் மேல் ஏறி விளையாடுவார்களாம், அம்மா திட்டுவாராம். திரும்பக் கட்டியபோது அவர் வாலிபர். "இது பொய்யானது என்று என் நண்பன் சொல்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். நண்பன் என்னை முறைத்தான். தாத்தா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, "அது உடைந்து கிடந்தபோதும் நாங்கள் ஜாங்கான்முன் என்றுதான் சொன்னோம்" என்றார். அப்புறம் எங்களுக்குத் தலைக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து ஹ்வாஹொங்முன், ஆற்றின் மேல் ஏழு கண் வைத்த மதகு வாசல். எனக்கு இந்தக் கோட்டையிலேயே பிடித்த இடம் இதுதான். 1922 வெள்ளத்தில் அடித்துப்போனது, 1932இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து திரும்பக் கட்டியது. அப்போது நாடு ஜப்பான் கையில். சொந்த அரசாங்கமே இல்லாத காலத்தில் ஊர்க்காரர்கள் ஒரு மதகைக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதை நான் எப்படி டூப்ளிகேட் என்று சொல்வேன்? என்னைக் கேட்டால் அந்த 1932 என்பதே தனியாக ஒரு பாரம்பரியச் சின்னம்.

கிழக்குப் பக்கம் நாங்கள் போகவில்லை. அவனுக்குப் பசி. ஆற்றோரமாக நடந்து, அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு கோழித் தெருவுக்குப் போனோம். முழுக் கோழியை இரும்புக் கொப்பரையில் பொரித்துத் தரும் கடைகள் வரிசையாக இருக்கும், வெளியிலேயே கொப்பரை கொதிக்கும். சுவோனில் பேர்போனது மாட்டு விலா எலும்புக் கறிதான், அவன் மாடு சாப்பிட மாட்டான் என்பதால் கோழி. தெருவில் ஜிங்கோ மரத்துப் பழங்கள் விழுந்து மிதிபட்டு ஒரு நாற்றம் அடிக்கும் பாருங்கள், கொரிய இலையுதிர் காலத்தைப் படம் பிடித்துப் போடுபவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கோழி வரும் வரை முள்ளங்கி ஊறுகாயைத் தின்றுகொண்டிருந்தபோது நண்பன் அன்றைய நாளின் நல்ல கேள்வியைக் கேட்டான். "சரி, உன் ஏட்டுல அளவு இருக்கு, விலை இருக்கு. கை இருக்கா?"

அவன் சொன்னது சியோலின் தெற்கு வாசல் சுங்ந்யேமுன் பற்றி. 2008 பிப்ரவரியில் ஒரு கிழவர் தீ வைத்து மேல்மண்டபம் எரிந்து விழுந்தது. பல வருட வேலைக்குப் பிறகு 2013இல் திறந்தார்கள், பாரம்பரிய முறையில் திரும்பக் கட்டியதாகப் பெருமையாகச் சொன்னார்கள். திறந்த சில மாதத்திலேயே வண்ணப்பூச்சு வெடித்து உரிய ஆரம்பித்தது. பழைய முறைச் சாயமும் பசையும் வைத்துச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு ரசாயனப் பொருளைக் கலந்தார்கள் என்று பெரிய வழக்கானது. "ஏன் கலந்தான்? பழைய முறையில எப்படிப் பூசறதுன்னு சரியாத் தெரிஞ்ச ஆள் இல்ல. மாப்ள, புத்தகம் இருந்தாலும் கலவை போடுறவன் செத்துட்டான்னா அந்தக் கட்டடமும் செத்துது. எங்க லேப்லயே ஒரு கட்டுரையைப் படிச்சு அதே கலவையைப் போட்டா வேற ரிசல்ட் வருது."

இது சரியான அடி. நாங்கள் மலைமேல் ஏறி நின்று பார்த்தோமே, அந்த சொஜாங்தேவும் 2006இல் ஒருவர் தீ வைத்து எரிந்து, அடுத்த வருஷம் திரும்பக் கட்டியதுதான். திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால் காவல் காப்பதில் அலட்சியம் வருமா என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஏடும் இல்லாமல், கையும் இல்லாமல் போன இடங்கள் எத்தனை என்று நான் கேட்டேன். கை போன பிறகும் ஏடு இருந்தால் குறைந்தபட்சம் எங்கே தப்பு நடந்தது என்றாவது கண்டுபிடிக்கலாம், சுங்ந்யேமுன் பூச்சு தப்பு என்று தெரிந்ததே அதனால்தானே. பழைய முறை இதுதான் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் இவன் அதை மீறினான் என்று வழக்குப் போட முடியும்.

கோழி வந்தது, சண்டை கொஞ்ச நேரம் நின்றது. எலும்பை வைத்துவிட்டு அவன் கடைசியாக இறங்கி வந்த இடம் இது: இடித்துப்போடு என்றோ உடைந்ததை அப்படியே விடு என்றோ அவன் சொல்லவில்லையாம். வாசலுக்கு வாசல் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் வருஷத்தை, டிக்கெட் விலை போடும் அளவுக்காவது பெரிதாகப் போடவேண்டும். இது 1796, இது 1932, இது 1975, இது 2007 என்று. அதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை, 1932ஐ மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன்.