“குழந்தைகளுக்குத்தானே, இது போதும்”

சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிற நான், பலரும் பாராட்டுகிற அந்தச் சிறுவர் படக்கதைப் புத்தகத்தைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதன் படங்கள் மொத்தமும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) போட்டவை. அட்டையில் “ஓவியம்” என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயர். பேசாமல் கடந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் புத்தகத்துக்குக் குவிந்த பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் எழுதிய வரி மனதை அறுக்கிறது: “குழந்தைகளுக்குத்தானே, இது போதும்.”

போதாது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்குப் படம்தான் கதை.

அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுமி ஒருத்தி ஒரு விதையைச் சட்டைப்பையில் ஒளித்து வைக்கிறாள், அதுதான் கதை. மூன்றாம் பக்கத்தில் அவள் சட்டையில் இரண்டு பைகள். ஐந்தாம் பக்கத்தில் பையே இல்லை. அப்புறம் கடைசியில் விதையை எங்கிருந்து எடுக்கிறாள்? பெரியவர்கள் வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். குழந்தை புரட்டாது. விரலை வைத்துக்கொண்டு பையைத் தேடும். கிடைக்காவிட்டால், தனக்குத்தான் புரியவில்லை போல என்று நினைத்துக்கொள்ளும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கதைக்குப் படம் வரைந்தேன். “எனக்கு இருட்டு என்றால் பயமே இல்லை” என்கிறான் ஒரு பையன். எழுத்தில் அவ்வளவுதான் இருக்கும். நான் போர்வைக்கு வெளியே தெரிகிற அவன் கையை, பக்கத்தில் படுத்திருக்கும் நாயின் காதை இறுக்கிப் பிடித்திருப்பதாக வரைந்தேன். அந்தப் பிடி சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப அழித்து வரைந்தேன். பிறகு ஒரு வாசிப்பு நிகழ்ச்சியில், இன்னும் படிக்கத் தெரியாத ஒரு குட்டிப் பெண் அந்தக் கையைத் தொட்டுக் காட்டி, “பொய் சொல்றான்” என்றாள். எழுதியவர் எழுதாததை அவள் படித்துவிட்டாள். படம்தான் கதை என்று நான் சொல்வது இதைத்தான்.

“தொழில்நுட்பத்தைத் தடுக்க முடியுமா? உங்களுக்கு வயிற்றெரிச்சல்” என்பார்கள். நானே டேப்லெட்டில் வரைகிறவள்தான். பிழைப்பு போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“நீங்களும் பிறர் படங்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டீர்கள்?” ஆமாம். ஆனால் ஏஐயைப் பயிற்றுவிக்கத் தொகுத்த லயான் என்ற ஒரே தரவுத்தொகுப்பில் மட்டும், இணையத்திலிருந்து திரட்டிய படங்களின் முகவரிகள் 500 கோடிக்கும் மேல், விவரக்குறிப்போடு இருக்கின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் போடும் ஏஐ பயின்றது அதிலிருந்துதான். வரைந்தவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஆள் கற்றுக்கொள்வதும் இதுவும் ஒன்று என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

“ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?” இது நியாயமான கேள்வி. வீட்டில் தன் பிள்ளையின் பெயரை வைத்து ஒரு கதை செய்து காட்டும் அப்பாவோடு எனக்குச் சண்டையே இல்லை. கூகுளின் ஏஐயான ஜெமினியில் 2025 ஆகஸ்டிலிருந்து பத்துப் பக்கப் படக்கதை கேட்டால் வந்துவிடுகிறது, சந்தோஷமாகச் செய்யுங்கள். ஆனால் விலை போட்டு விற்கும்போது “படங்கள் ஏஐ உருவாக்கியவை” என்று அட்டையில் ஒரு வரி போடுவதற்கு என்ன செலவு? அமேசானின் சுயபதிப்புத் தளம்கூட ஏஐ படங்கள் என்றால் தனக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. வாங்குகிறவருக்குச் சொல்லச் சொல்வதில்லை. 2023 செப்டம்பரில் அதே தளம் ஒருவர் நாளொன்றுக்கு 3 புதிய நூல்களுக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்று நூல் போடுகிறவர் அவற்றை ஒரு முறையாவது குழந்தையின் கண்ணோடு புரட்டிப் பார்த்திருப்பாரா?

2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி என்ற ஏஐ போட்ட படங்களால் ஆன ஒரு காமிக்ஸுக்கு, எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் மட்டும்தான் உரிமை, படங்களுக்குக் கிடையாது என்று முடிவு சொன்னது. சட்டமே அந்தப் படங்களை இன்னார் வரைந்தார் என்று ஏற்கவில்லை. இங்கே அட்டையில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள்.

உண்மையில் வலிப்பது ஏஐ இல்லை. குழந்தைகளுக்கு என்றால் எதையும் கொடுக்கலாம் என்ற நினைப்பு. அது இன்று வந்ததும் இல்லை. “நாலு பொம்மை போட எதற்கு இவ்வளவு நாள்?” என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கான நாவலின் அட்டைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள்.

இப்போது அடுத்த கட்டம். சமீபத்தில் ஒரு பதிப்பகம் ஏஐ படங்களை அனுப்பி, “விரல்களையும் கண்களையும் மட்டும் சரிசெய்து கொடுங்கள், உங்கள் பெயரும் வரும்” என்றது. கூலி, வழக்கமாக நான் வாங்குவதில் பாதிகூட இல்லை. மறுத்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் மறுப்பேன். என்னிடம் வேலை கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் கதையை அனுப்புங்கள். படித்துவிட்டு, பென்சில் ஸ்கெட்ச்சிலிருந்து தொடங்குகிறேன்.