நம்பர் பிளேட்டை நாமே மாற்றிக்கொள்ளலாமா?

கல்முனை, களுவாஞ்சிகுடிப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "மாகாண எழுத்தை அரசாங்கமே எடுத்துவிட்டது. பழைய பிளேட்டில் கிழக்கு மாகாண எழுத்தான ‘ஈபி’யை மறைக்கலாம், கடையில் புதிதாக அடித்தும் போடலாம். வாகனப் பதிவுப் புத்தகம் சரியாக இருந்தால் போதும், பிடித்தால் தபாலகத்தில் தண்டம் கட்டினால் சரி."

இதில் முதல் வரி மட்டும்தான் உண்மை. 2023 தொடக்கத்திலிருந்து புதிய பிளேட்டுகளில் மாகாண எழுத்து இல்லை. மாகாணம் விட்டு மாகாணம் வாகனத்தை விற்றாலும் அதற்காகப் பிளேட் மாற்றத் தேவையில்லை. மற்றபடி, கையில் இருக்கும் பிளேட்டில் டேப் ஒட்டவோ சுரண்டவோ யாரும் அனுமதி தரவில்லை.

பிளேட் கொடுப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அதன் பாதுகாப்பு அடையாளங்கள் கடையில் அடித்ததில் இருக்காது. பிளேட்டும் புத்தகமும் பொருந்தாவிட்டால் பொலிஸ் அடுத்துப் பார்ப்பது செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும்தான். களவு வாகனமோ என்ற சந்தேகம் வந்தபின் அது தபாலகத்தோடு முடியாது. வாகனம் பொலிஸ் முற்றத்தில், நீங்கள் நீதவான் நீதிமன்றத்தில். வேறொரு வாகனத்தின் இலக்கத்தைத் தெரிந்தே போட்டிருந்தால் மோசடிக் குற்றச்சாட்டும் வரலாம். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கேள்வி கேட்காமல் விடுவாரா?

கொழும்பில் 2024 முதல் கமராவில் பார்த்தும் தண்டம் அனுப்புகிறார்கள். உங்கள் பொய் இலக்கத்தின் உண்மையான சொந்தக்காரர் அக்கரைப்பற்றில் வீட்டில் இருந்தபடியே மாட்டுவார், பாவம்.

பிளேட் தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு. அதன் பிரதியோடு திணைக்களத்துக்கு விண்ணப்பம். தாமதமாகும்தான், ஆனால் வழி அதுதான்.