கணக்கு இடிக்கும் இடம்

மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலில் நேவிட்சன் என்பவன் தன் வீட்டை டேப் வைத்து அளக்கிறான். வெளியே அளந்ததைவிட உள்ளே கால் அங்குலம் கூடுதலாக வருகிறது. ஏதோ பிசகு என்று திரும்ப அளக்கிறான். சகோதரனை வரவழைத்து அளக்கிறான். கால் அங்குலம் அசைய மாட்டேன் என்கிறது.

பத்தடி கூடியிருந்தால் ‘சரி, பேய் வீடு’ என்று நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். கால் அங்குலம் என்றால் முதலில் டேப் மேல் சந்தேகம் வரும், அப்புறம் கொத்தனார் மேல், கடைசியில் அளந்தவன் மேலேயே. இந்த வரிசையில் வாசகனை நடத்திக்கொண்டு போவதுதான் ஹாரர் நாவலின் வேலை. ரத்தம், அலறல், வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசம் எல்லாம் அப்புறம். கணக்கு இடிக்கணும், ஆனால் கொஞ்சூண்டு இடிக்கணும்.

ஷெர்லி ஜாக்சன் இதை 1959-லேயே ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலில் செய்துவிட்டார். அந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் தானாகச் சாத்திக்கொள்கிறது. காரணத்தை, அந்த வீட்டை ஆராய வந்த டாக்டர் மான்டேகு சொல்லிவிடுகிறார்: கட்டியவர் ஒரு மூலையைக்கூட நேராகக் கட்டவில்லை, எல்லாக் கோணமும் துளித்துளி பிசகு, கதவுகள் சாய்வாக மாட்டப்பட்டிருக்கின்றன. காரணம் தெரிந்தால் பயம் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது. பேயை விரட்டலாம், கோணலாகக் கட்டின வீட்டை என்ன செய்வது?

அதே நாவலில் ஒரு ராத்திரி. இருட்டு. பக்கத்து அறையில் ஏதோ முணுமுணுப்பு, குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம். அவரோடு வந்து தங்கியிருக்கும் எலினார் தன் தோழி தியோடோராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், விரல் எலும்புகள் தட்டுப்படும் அளவுக்கு. கடைசியில் தாங்க முடியாமல் கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தியோடோரா அந்தப் பக்கத்துக் கட்டிலில் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? ஜாக்சன் பதில் சொல்லவில்லை. இரண்டு கட்டில், நடுவில் கொஞ்சம் தரை. இதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

‘டிராகுலா’வை (1897) பல்லுக்காகவும் கழுத்துக்காகவும் நினைவு வைத்திருப்பவர்கள் ஒருமுறை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு கவுன்ட் டிராகுலா என்ற அந்தக் காட்டேரி நேரில் வருவதே அபூர்வம். மிச்ச நாவல் முழுக்கக் கணக்குப்பிள்ளை வேலை. அவன் படுத்து ஓய்வெடுக்க லண்டனுக்கு வந்து இறங்கிய மண்பெட்டிகள் 50. எந்த வண்டிக்காரன் எத்தனை பெட்டியை எந்த வீட்டில் இறக்கினான் என்று விசாரித்து விசாரித்து 49-ஐத் தீர்த்துக் கட்டுகிறார்கள். பாக்கி ஒன்று. அந்த ஒன்றுதான் பயம். நடுவில் கவுன்ட் வந்து, அவனைத் துரத்துகிறவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின் கையெழுத்துப் பிரதியைக் கொளுத்திவிட்டுப் போகிறான். நல்லவேளை, அவர்களில் ஒருத்தியான மீனா டைப் அடித்த இன்னொரு பிரதி பெட்டகத்தில் இருக்கிறது. (காட்டேரி கடித்த லூசிக்கு நான்கு ஆண்கள் மாற்றி மாற்றி ரத்தம் கொடுக்கிறார்கள். ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டதோ நாவல் வந்து சில வருடம் கழித்து. அவளைக் கொன்றது காட்டேரியா டாக்டர்களா என்று தனியாகவே ஒரு பதிவு போடலாம்.)

இனி சண்டைக்கு வரப்போகிறவர்களுக்காக, ஸ்டீபன் கிங். சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதவரைதான் பயம் என்பதை 1981-இல் ‘டான்ஸ் மகாப்ர்’ என்ற புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். கதவைத் திறந்தால் பத்தடிப் பூச்சி நிற்கிறது; வாசகன் கத்துகிறான், கூடவே ‘நூறடி இல்லையே, அப்பாடா’ என்று பெருமூச்சும் விடுகிறான். இவ்வளவு தெரிந்தும், கதவைத் திறக்காமலே விடுவது ஜெயிக்க ஆடுவதல்ல, டிராவுக்கு ஆடுவது என்பது அவர் கட்சி. ஐந்து வருடம் கழித்து ‘இட்’ (1986) வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் நம்மைத் தூங்கவிடாத அந்த வஸ்து கடைசியில் ஒரு ராட்சசச் சிலந்தியாக வந்து நிற்கிறது. கதவைத் திறந்தார், பூச்சிதான் இருந்தது. அதே வஸ்து கோமாளி வேஷத்தில் சாக்கடைக்குள்ளிருந்து பேசும் முதல் காட்சியின் பயத்தில் கால்வாசிகூட அந்தச் சிலந்தியிடம் எனக்கு இல்லை.

ஃபேன்டஸியில் கணக்கு வேறு மாதிரி. அங்கே கேட்க வேண்டியது விலை. மந்திரம் போட்டால் யாருக்கு என்ன செலவு?

சுசன்னா கிளார்க்கின் ‘ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்டு மிஸ்டர் நாரல்’ (2004) இதில் உச்சம். செத்துப்போன பெண்ணை எழுப்பித் தர ஒரு தேவதை இனத்தவன் கூலியாக அவளுடைய ஆயுளில் பாதி கேட்கிறான். அவனை வரவழைத்த மந்திரவாதி நாரல் மனக்கணக்குப் போடுகிறார். பெண்ணுக்கு 19 வயது. 94 வரை இருப்பாள் என்று வைத்தால் மிச்சம் 75, அதில் பாதி போனால் போகட்டும். பேரம் முடிகிறது. ஆனால் அவன் எடுத்துக்கொள்ளும் பாதி, கடைசி முப்பத்தேழரை வருடம் இல்லை. அவளுடைய ராத்திரிகள். தினமும் விடிய விடிய அவன் மாளிகையில் அவள் ஆட வேண்டும். யாரிடமாவது சொல்ல வாயைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ கதைதான் வாயில் வருகிறது. கணக்கில் பிழையே இல்லை. பாதி என்றால் பாதிதான். எந்தப் பாதி என்று மட்டும் நாரல் கேட்கவில்லை.

பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) இன்னும் வீட்டுப் பக்கத்துக் கணக்கு. மந்திரம் போட்டால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செல்போனின் சிப் மணலாகிவிடும். பேட்டரி இணைப்பைத் துண்டித்திருந்தால் பிழைக்கும். அளவுக்கு மீறிப் போட்டால் போட்டவன் மூளை காலிஃபிளவர் மாதிரி ஆகிவிடும். மந்திரம் பழகும் போலீஸ்காரன் முதலில் யோசிப்பது உலகத்தைக் காப்பாற்றுவதை இல்லை, போனுக்கு ஒரு சுவிட்ச் வைப்பதை. அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

வாசகனுக்கு ஒரு மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதை வைத்துச் சிக்கலை அவிழ்க்கலாம் என்று ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு விதி எழுதினார். விதி சரி. அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ நாவல் சில இடங்களில் பிசிக்ஸ் டியூஷன்போல ஆகிவிடுவதும் உண்மை. ஆனால் அதற்கு நேரெதிர் நோய் இன்னும் மோசம்: ஐம்பதாம் பக்கத்தில் ‘ஒவ்வொரு மந்திரத்துக்கும் உன் ஆயுளில் ஒரு நாள்’ என்பார்கள், க்ளைமாக்ஸில் நாற்பது மந்திரம் சரமாரியாகப் பறக்கும், ஹீரோவுக்கு ஒரு நரைமுடிகூட வராது.

சைனா மியேவில்லின் ‘தி சிட்டி அண்டு தி சிட்டி’யில் (2009) மந்திரமே இல்லை. ஒரே நிலத்தில் இரண்டு நகரம். ஓர் ஊர்க்காரன் மற்ற ஊர்க்காரனைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் போக வேண்டும். சின்ன வயதிலிருந்தே நடையையும் உடையையும் வைத்து அடையாளம் கண்டு கண்ணைத் திருப்பப் பழக்குகிறார்கள். வண்டி ஓட்டும்போதும் அப்படித்தான், எதிரே வரும் அந்த ஊர் வண்டியைப் பார்க்கவும் கூடாது, இடிக்கவும் கூடாது. உலக ஃபேன்டஸி விருது வாங்கிய நாவல். ஊருக்கும் சேரிக்கும் நடுவே எந்தக் கோடும் வரையாமல் பார்த்தும் பாராமல் நடக்கத் தெரிந்த நமக்கு இதில் ஃபேன்டஸி எங்கே இருக்கிறது என்றுதான் புரியவில்லை.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஹில் ஹவுஸ். சின்னப் புத்தகம்தான். ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ வாங்கினால் அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். சில பக்கங்களில் எழுத்து தலைகீழாக ஓடும், சில பக்கங்களில் நாலே வார்த்தை இருக்கும். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். பஸ்ஸில் படித்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.